அரைக்கிராமும் அரைமுடி இடைவெளியும்

அரைக்கிராம் கடைவீதிக்குள் நுழைகிறார் என்றால் அந்தச் செய்தி அவருக்கு முன்னால் போய்விடும். பழக்கடையில் தராசுத் தட்டைத் துடைப்பார்கள். இறைச்சிக்கடையில் எடைக்கற்கள் திடீரென்று வரிசையில் நிற்கும். நகைக்கடை முதலாளி, பெற்ற பிள்ளைக்குக்கூடக் காட்டாத பல்லையெல்லாம் காட்டி, "வாங்க சார், உக்காருங்க சார்" என்பார். எடை அளவு ஆய்வாளர் உத்தியோகம். இதே நகைக்கடைத் தராசு ஒரு காலத்தில் அரைக்கிராம் கூட்டிக் காட்டியது என்று கடையையே பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர் அது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் எங்கோ கிடக்கிறது, யாருக்கும் அது தேவைப்படவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கை சுத்தம். ஒரு பழத்தை இனாமாகத் தொட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சுத்தத்தோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்று அவர் மனைவியைக் கேட்க வேண்டும். பால் வந்தால் அதில் தண்ணீர்க் கலப்பைக் காட்டும் ஒரு கண்ணாடிக் குழாய் மிதக்கும். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டு, கொண்டுவந்தவன் வியர்க்க வியர்க்க நின்ற பிறகுதான் கையெழுத்து. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்பது அவருடைய வேதம். எதற்காக ஆற்றில் போட வேண்டும் என்று மட்டும் அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மனைவியை ஊரில் பிசியோக்கா என்பார்கள். பக்கவாதத்தில் விழுந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய், மறந்துபோன கைகால்களுக்கு வேலையை ஞாபகப்படுத்துவது அவள் தொழில். அவளுடைய நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் நகரத்தின் மேட்டுப் பகுதியில் இருந்தார்கள். பஸ்ஸோ மேட்டுக்குக் கீழேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். அதற்கு மேல் தசைகளுக்கு மின்தூண்டல் கொடுக்கும் பெட்டி ஒரு கையில், பை ஒரு கையில், செங்குத்தாக ஏற வேண்டும். இரண்டு வருடம் ஏறிப் பார்த்துவிட்டு, போதுமடா சாமி என்று தன் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினாள். இரண்டு சிலிண்டர் எஞ்சின், நல்ல கனம். மேட்டில் ஏறும்போது அலட்டிக்கொள்ளாது.

"பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?" என்று கேட்டவர்கள் உண்டு.

"நான் பொம்பளைன்னு வண்டிக்குத் தெரியாதுங்க," என்பாள்.

அந்த வண்டி வந்த பிறகு அவள் ஒரு நாளில் பார்த்த வீடுகள் இரண்டு மடங்கு ஆயின. அதில் ஒரு வீடு தபால்காரருடையது. ஓய்வு பெற்ற தபால்காரர். ஊர் முழுக்க நடந்த கால்களில் ஒன்று ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க மறுத்துவிட்டது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பிசியோக்கா நாள் தவறாமல் போய், உருட்டி, மடக்கி, நீட்டி, திட்டி, கெஞ்சி, அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து வாக்கருக்கும் கொண்டுவந்திருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் விடாமல் பழக்கினால் மனிதர் தானாகவே வாசல்வரை போய் நிற்பார் என்று அவள் கைகளுக்குத் தெரிந்தது. "முதல் ஆறு மாசம்தாங்க பிடிப்பு. அதுக்குள்ள வர்றதுதான் வரும். அப்புறம் ஆமை வேகம்," என்று அவர் மனைவியிடம் சொல்லியிருந்தாள். அந்த அம்மாவும் நாட்காட்டியைப் பார்ப்பதும் இவள் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

அப்போதுதான் ஒரு மழை நாளில் வங்கி முனைத் திருப்பத்தில் வண்டி சறுக்கியது. பெரிய அடி ஒன்றும் இல்லை. முழங்கை தோல் போனது, வண்டியின் ஒரு கண்ணாடி உடைந்தது. பக்கத்து அலுவலகத்தில்தான் அரைக்கிராமுக்குக் கூட்டம். சத்தம் கேட்டு வெளியே வந்தவர் மனைவி ரோட்டில் கிடந்ததைப் பார்த்தார். ஓடி வந்து தூக்கினார். வீட்டுக்குக் கூட்டி வந்தார். இரவு மருந்து போட்டுவிட்டார். மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பி, காதைச் சாய்த்துக் கேட்டு, "எஞ்சின்ல ஒரு சத்தம் வருது," என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"டிக்குன்னு ஒரு சத்தம். அடியில. பேரிங் தேய்ஞ்சிருக்கும். பிரிச்சுப் பாத்துடலாம்."

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவரும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சார், இது எஞ்சின் சத்தம் இல்ல, எஞ்சின் ஓடுற சத்தம்," என்றார். அரைக்கிராம் அவரைப் பார்த்த பார்வையில் மெக்கானிக் ஸ்பானரைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

பிசியோக்கா ஒத்துக்கொண்டாள். ஏன் ஒத்துக்கொண்டாள் என்றால், அந்த மனிதர்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஊரெல்லாம் பயந்து சாகிற அந்த நேர்மை அவளுக்குக் கழுத்தில் போட்டுக்கொள்ளாத நகை. "உன் வீட்டுக்காரர் கை பட்டா கடிகாரம்கூட நிமிஷம் தப்பாது" என்று யாராவது கேலிக்குச் சொன்னாலும் அவள் உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். ஒரு வாரத்தில் முடித்துவிடுவதாகச் சொன்னார். ஒரு வாரம்தானே!

எஞ்சின் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. பழைய படுக்கை விரிப்பு, அதன்மேல் நடுநாயகமாக, எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு, இரண்டு பக்கமும் அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள், பிறை வடிவத்தில் பேரிங் தகடுகள். கணவனும் மனைவியும் அன்றிலிருந்து அடுக்களை மேடையில் தட்டை வைத்து, நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார்கள்.

விஷயம் பெரிய வித்தை இல்லை. கிராங்க் தண்டுக்கும் அதைச் சுற்றிப் பிடிக்கிற பேரிங் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும், தலைமுடியின் பருமனில் பாதி. அதில்தான் ஆயில் போய் உட்கார்ந்துகொள்ளும். இடைவெளி குறைந்தால் சூட்டில் பிடித்துக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும், கூடினால் உள்ளே கிடந்து தட்டும். அதை அளப்பதற்கு மெழுகு மாதிரி நசுங்குகிற ஒரு பிளாஸ்டிக் நூல் கடையில் கிடைக்கிறது. ஒரு துண்டு வெட்டித் தண்டின்மேல் வைத்து, பேரிங் மூடியைப் போட்டு, போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். நூல் எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்று அதன் உறையில் அச்சடித்த கோடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். கால் மணி நேர வேலை.

புது போல்ட், புது நூல், கழுவித் துடைத்த கை. அரைக்கிராம் முதல் நாள் அளந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிசியோக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, சரியா இருக்கா?" என்றாள்.

"ஒரு அளவெல்லாம் அளவே இல்ல," என்றார். "மூணு தடவை அளந்து சராசரி எடுக்கணும்."

மூன்று தடவை அளந்தார். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டியே வந்தன. அது அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு ஒட்டி வருகிறதென்றால் கருவியில் ஏதாவது சிக்கியிருக்கிறதோ? கருவியைக் கழுவினார். மறுநாள் அளந்தார். வெயில் நாளில் உலோகம் விரியும் என்று ஒரு வெப்பமானி வாங்கி மேசைக்கு மேலே தொங்கவிட்டார். காற்று பட்டால் நூல் அசையும் என்று மின்விசிறிக்குத் தடை. அடுப்புச் சூடு கூடத்துக்கு வருகிறது என்று, அளக்கும் நேரத்தில் அடுப்புக்கும் தடை. வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலெல்லாம் சாத்திய, காற்றில்லாத கூடத்தில் இவர் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

"மோட்டார் சைக்கிளுக்கு," என்றாள் பிசியோக்கா.

அவள் பாடு பஸ் பாடு. பெட்டியும் பையுமாக மேடு ஏறி, ஒரு வீடு முடித்து இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து, கூட்டத்தில் இடிபட்டு, இன்னொரு மேடு. பாதி வீடுகளை விட வேண்டியதாயிற்று. தபால்காரர் வீடு எல்லாவற்றிலும் உயரத்தில் இருந்தது. தினமும் போனது வாரத்துக்கு இரண்டு தடவை ஆகி, அப்புறம் ஒரு தடவையாகக் குறைந்தது. போகும்போதெல்லாம் அவர் மனைவி, "டாக்டரம்மா, வண்டி வந்துருச்சா?" என்பார். "வந்துடும்மா, அடுத்த வாரம்," என்பாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் கூசியது. நன்றாக ஊன்றிக்கொண்டிருந்த கால் மெல்ல மெல்ல மறுபடி விறைப்பதை அவள் விரல்கள் பார்த்துவிட்டன. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியை அந்த அம்மா முடிந்த அளவுக்குச் செய்தார். ஆனால் சின்ன உடம்புக்காரர், அவரால் எவ்வளவு தூக்க முடியும்?

"என்னங்க, அந்தத் தபால்காரர் கால் பின்னால போகுது. ஆறு மாசம்தான் நமக்கு. பாதி போயிடுச்சு," என்று ஒரு நாள் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

"எனக்கு மட்டும் ஆசையா? அவசரத்துல பூட்டி, நடு ரோட்டுல எஞ்சின் பிடிச்சுக்கிச்சுன்னா சக்கரமே நின்னுடும். என்னாகும் தெரியுமா?" என்றார்.

அவள் தங்கை போனில் கத்தினாள். "அக்கா, உனக்குப் பைத்தியமா? எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு மெக்கானிக்கிட்ட குடு. மாமாவுக்கு அளக்கறது ஒரு வியாதி."

"உங்க மாமா எதைச் செஞ்சாலும் ஒழுங்கா செய்வாருடி. தட்டிக்கொட்டி ஓட்டறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அவர் அப்படி இல்ல," என்று இவள் விட்டுக்கொடுக்காமல் பேசினாள். போனை வைத்துவிட்டு, மேசை முனையில் ஒரு கையகல இடத்தைத் துடைத்து, அங்கே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் ஒரு விபரீதம். இடைவெளி கூட ஆரம்பித்தது! ஓடாத எஞ்சினில், உட்கார்ந்த இடத்தில், வாரத்துக்கு வாரம் நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாக நசுங்கியது. தேயாமலே தேய்கிற பேரிங்கை உலகத்தில் எவனும் கண்டதில்லை. அரைக்கிராமுக்குத் தூக்கம் போயிற்று. தண்டை அளந்தார், சரி. தகட்டை அளந்தார், சரி. கடைசியில் போல்ட்டை அளந்தார். வண்டிக் கம்பெனியின் பழுதுபார்ப்புப் புத்தகத்தில் போட்டிருந்ததைவிட நீளம்! மறுபடி அளந்தார். நீளமேதான். அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு ஒளி வந்தது. குற்றம் அகப்பட்டுவிட்டது. குற்றம் என்றால் குற்றவாளியும் உண்டு.

உதிரிபாகக் கடைக்காரர் உரத்த குரல்காரர். கடையில் பாதிச் சரக்கு அசல், மீதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. போன வருடம் அவருடைய ஆயில் அளக்கும் குவளை அடிப்பக்கம் ஒடுங்கியிருக்கிறது என்று அரைக்கிராம் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார். அந்த எரிச்சல் ஆறாமல் கிடந்தது. இப்போது அதே மனிதர் அடையாள அட்டையும் முடியளவுகூட அளக்கிற மைக்ரோமீட்டருமாகக் கடைக்குள் வருகிறார். பின்னாலேயே, பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு பிசியோக்காவும் வந்தாள்.

"இந்த போல்ட் நீங்க வித்தது. அளவு மீறின சரக்கு. புத்தகத்துல இருக்கறதைவிட நீளம்," என்றார் அரைக்கிராம்.

"குறைச்சுக் குடுத்தா கேஸு போடுவீங்க. கூடக் குடுத்ததுக்குமா சார்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அரைக்கிராம் சிரிக்கவில்லை. "பிரிக்காத பொட்டலம் எடுங்க."

எடுத்தார். அளந்தார். அளவு கச்சிதம். இன்னொரு பொட்டலம். அதுவும் கச்சிதம். கடைசிப் பொட்டலம்வரை பிரித்துப் பார்த்தாயிற்று. ஒன்றுகூட முடியளவு பிசகவில்லை. கடைக்காரர் முழங்கையை ஊன்றிக்கொண்டு ரசித்துப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? இதைப் போட்டு எத்தனை தடவை முறுக்கினீங்க?"

அரைக்கிராமுக்குப் பொய் வராது. "அளக்கும்போதெல்லாம்."

"அளந்தது எத்தனை தடவை?"

"தினம்," என்றாள் பிசியோக்கா. "ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு தடவை."

"அடக் கடவுளே! இது முறுக்கினா இழுபடுற ரகம் சார். இழுபட்டு, அப்படியே கவ்விப் பிடிச்சுக்கும். ஒரு தடவைக்குத்தான் உசுரு. மறுபடி மறுபடி முறுக்கினா பிடி தளர்ந்து மூடி இறுகி உக்காராது. அளக்கறதுக்குப் பழைய போல்ட், பூட்டறதுக்குப் புது போல்ட்டுன்னு புத்தகத்துலயே இருக்குமே, படிக்கலையா?"

"படிச்சேன். புது போல்ட் விக்கறதுக்குக் கம்பெனிக்காரன் பண்ற தந்திரம்னு நினைச்சேன்."

கடைக்காரருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "முளைச்சிருச்சா முளைச்சிருச்சான்னு தினம் விதையைத் தோண்டிப் பாத்தா எப்படி சார் முளைக்கும்? இடைவெளி தானா கூடல. நீங்க அளந்து அளந்தே கூட்டிட்டீங்க!"

கடை முழுக்கச் சிரிப்பு. அரைக்கிராம் மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "கடைமேல தப்பு இல்ல. தப்பு என்னுது," என்றார். எத்தனை அதிகாரிக்கு இந்த வார்த்தை வாயில் வரும்? கடைக்காரரே சிரிப்பை நிறுத்திவிட்டார். பிசியோக்காவுக்கு அவமானத்தில் முகம் சிவந்திருந்தது, ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இதுதானே என் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். புது போல்ட்டுகளை அவளே வாங்கினாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் எழுந்ததும் தெருமுனை மெக்கானிக் வீட்டுக்குப் போய், எஞ்சினைத் தூக்கி வைக்க ஒரு கை கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். தபால்காரர் மனைவிக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலையில வண்டியில வரேன்மா," என்றாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அதை வாய் கூசாமல் சொன்னாள்.

கூடத்துக்கு வந்து பார்த்தால், அரைக்கிராம், போல்ட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டுகிற ரெஞ்சை வெள்ளைத் துணியில் சுற்றி, கயிறு கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஒரு விஷயம் யோசிச்சேன். முறுக்கற ரெஞ்சே தப்பாக் காட்டினா? ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிச்சு வாங்கிடலாம். வரிசை இருக்கு. ஆனா நம்ம ஆபீஸ்ங்கறதால சீக்கிரம் வந்துடும்."

பிசியோக்கா கத்திரிக்கோலை எடுத்தாள். கயிற்றை வெட்டி, துணியைப் பிரித்து, ரெஞ்சைக் கையில் எடுத்தாள். "நகருங்க. நான் முறுக்கறேன்."

அவர் எஞ்சின்மேல் கையை வைத்து மறைத்தார். "வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இடைவெளி சரியா இருக்கா, இல்லையா?"

"இருக்கு. கூடினது போல்ட்டாலதான்."

"எப்பலேர்ந்து?"

நேர்மையான மனிதரை மணந்துகொள்வதில் இது ஒரு வசதி, சரியான கேள்வியைக் கேட்டால் போதும். அவர் தரையைப் பார்த்தபடி, "முதல் நாள்லேர்ந்து," என்றார்.

"அந்த டிக்கு சத்தம்?"

"சத்தம் எதுவும் இல்ல." எஞ்சின்மேல் வைத்த கையை எடுக்காமலே சொன்னார். "முதல் தடவையே சரியா இருந்துச்சு. சரியா இருந்தா பூட்டணுமே. அதனால மறுபடி அளந்தேன். அன்னைக்கு நீ ரோட்டுல கிடந்தே. ஒரு லாரி பிரேக் போட்டு நின்னுச்சு. அந்தச் சக்கரத்துக்கும் உன் தலைக்கும் நடுவுல இருந்த இடைவெளியை நான் பாத்தேன். உனக்குத் தெரியாது, நீ அந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தே. எவ்வளவுன்னு கேக்காதே, சொல்ல மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. நீ அந்த வண்டிமேல ஏறினா எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அவள் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் போய் அவர் தலையைத் தொடக்கூட ஒரு கணம் கை நீண்டது. ஆனால் அந்தக் கையிலேயே தபால்காரரின் விறைத்த குதிகால் ஞாபகம் இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

"பயம்னா பயம்னு சொல்லியிருக்கணும். அன்னைக்கு ராத்திரியே சொல்லியிருக்கணும். நானும் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்போம், வேற வண்டி பாத்திருப்போம், எதையாவது செஞ்சிருப்போம். அதை விட்டுட்டு நூலு, லென்ஸு, வெப்பமானி! ஊர்ல எல்லாரும் சிரிச்சப்போகூட உங்களை நான் விட்டுக்குடுக்கலையே. என் தங்கச்சிகிட்ட எப்படியெல்லாம் பேசினேன்!" மூச்சு வாங்கினாள். "தட்டு ஓரத்துல கட்டை விரலை வச்சு அழுத்தற கடைக்காரனைப் பிடிச்சு அபராதம் போடறீங்களே. இத்தனை நாளா இந்த மேசையில நீங்க பண்ணினது என்ன?"

அறைந்திருந்தால்கூட அவருக்கு அப்படி உறைத்திருக்காது. எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேர் அவரை எப்படியெல்லாமோ ஏசியிருக்கிறார்கள். கள்ளத்தராசு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. எஞ்சின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு ரெஞ்சுக்காகக் கையை நீட்டினார்.

அவள் தயங்கித்தான் கொடுத்தாள். தகடுகளில் ஆயில் தடவி, மூடியைப் பொருத்தி, புது போல்ட்டை ஒரே தடவை முறுக்கினார். நூல் வைக்கவில்லை. மெக்கானிக் வந்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து மாலைக்குள் எஞ்சினை வண்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். கிளப்பினால், எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டது. "கேட்டீங்களா சார், இதுதான் எஞ்சின் ஓடுற சத்தம்," என்றார் மெக்கானிக், பழைய ஸ்பானரையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு.

திங்கள்கிழமை காலையில் பிசியோக்கா வண்டியை வெளியே எடுத்தாள். அரைக்கிராம் அலுவலகப் பையோடு வாசலில் நின்றார். இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஏறுங்க."

"எனக்கு ஆபீஸ் இருக்கே."

"லீவு சொல்லுங்க. பயம்தானே? பின்னாடி உக்காந்து பயப்படுங்க."

ஏறிக்கொண்டார். வங்கி முனைத் திருப்பத்தில் அவள் தோளை இறுகப் பிடித்தார். அவள் நிதானமாகத் திருப்பி, மேட்டில் ஏற்றினாள்.

தபால்காரர் மனைவி வாசலிலேயே காத்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வந்துருச்சா! இவங்கதான் உங்க வீட்டுக்காரரா? வாங்க சார், வாங்க. நீங்களே எஞ்சினைப் பிரிச்சு மாட்டினீங்களாமே? டாக்டரம்மா எப்பவும் பெருமையாச் சொல்லுவாங்க. இந்தக் காலத்துல இவ்வளவு பொறுமையா யாருங்க வேலை செய்யறாங்க?" அரைக்கிராமுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார்.

உள்ளே தபால்காரர் கட்டிலில் படுத்திருந்தார். வாக்கர் சுவரோரம் ஒதுங்கி நின்றது, அதன்மேல் துண்டு உலர்ந்துகொண்டிருந்தது. பிசியோக்கா அவர் காலை மடக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் வரவில்லை. நீட்டிப் பார்த்தாள். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்னங்க, அந்தப் பக்கம் வாங்க. அக்குளுக்கு அடியில கையைக் குடுங்க. இடுப்பைச் சேர்த்துப் பிடிங்க. நான் சொல்லும்போது தூக்கணும்."

தூக்கினார்கள். தபால்காரர் நிற்கத்தான் பார்த்தார். முகம் சிவக்க, பல்லைக் கடித்து முயன்றார். முட்டி மடங்கிக்கொண்டது. வலது பக்கம் முழுவதும் அப்படியே அரைக்கிராமின் தோளில் சரிந்தது. அவருக்குக் கால் தள்ளாடியது, சுவரில் ஒரு கையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டார்.

"ரொம்ப பாரமா இருக்காரே," என்றார், மூச்சு வாங்க.

"வண்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி இவ்வளவு பாரம் இல்ல," என்றாள் பிசியோக்கா. "விட்டுடாதீங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."